இரண்டாவது டம்ளர்

என் மாமியாரிடம் அவருடைய கணவர் முதன்முதலாகப் பேசிய வார்த்தை “தண்ணி.” கல்யாணமாகி நாலைந்து நாள் ஆகியிருக்கும். கூடத்தில் மாமனார், கொழுந்தன், நாத்தனார் என்று எல்லோரும் பந்தி போல உட்கார்ந்திருக்க, இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாராம். இவர் கொண்டுபோய் வைத்தார். குடித்து முடித்ததும் மறுபடியும், “தண்ணி.”

“முதல் டம்ளர் தாகத்துக்கு. ரெண்டாவது டம்ளர் நான் வந்து நிக்கறதுக்கு” என்றார் அத்தை. 1983ஆம் வருஷம், மேற்குத் தாம்பரத்து வீட்டுக் கிணற்றடியில் நானும் அவரும் துணி அலசிக்கொண்டிருந்தபோது சொன்னது. அவருக்குக் கல்யாணமானது 1946இல். 37 வருஷத்துக்கு முந்தைய ஒரு டம்ளர் தண்ணீருக்காக அந்த ஐம்பது வயது முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. அடுத்த வாளியை இறைத்துக்கொண்டே, குரல் மாறாமல் இதையும் சொன்னார்: “ஆறு பெத்தேன். நாலு தங்குச்சு. ஒரு தடவையாவது என்னை யார் கேட்டா?”

இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் காலத்துத் தாம்பத்தியம் பிடிபடும். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு ‘அந்தக் காலம் போல வருமா’ என்று பெருமூச்சு விடுகிறவர்களும், இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்களும் அத்தையின் பாதி முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நான் மருமகளாக வந்தது 1982இல். முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு மண் தெரு. அரை கிரவுண்டு மனை, அதாவது 1200 சதுர அடி. அதில் ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஓர் உள் அறை. பகலில் அந்த உள் அறை எல்லோருக்கும் சொந்தம். அரிசி மூட்டை, டிரங்குப் பெட்டி, நாத்தனாரின் பாடப் புத்தகம், நெல்லிக்காய் ஊறுகாய் ஜாடி எல்லாம் அங்கேதான். இரவு ஒன்பதரைக்கு மேல்தான் அது எங்கள் அறை. கதவின் தாழ்ப்பாள் ‘கிர்ர்’ என்று தெருவுக்கே கேட்கும். ஒருநாள் என் கணவர் அதில் தேங்காய் எண்ணெய் விட்டார். சத்தம் போய்விட்டது. ஆனால் மறுநாள் காலையில் கதவில் வழிந்திருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்து நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அதற்கப்புறம் ஒரு வாரம் நான் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

பூவும் ஒளிந்துதான் வீட்டுக்குள் வரும். என் கணவருக்கு வேலை துறைமுகத்தில். பீச் ஸ்டேஷனில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, மேற்கு வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பூக்கார அம்மாவிடம் மூன்று முழம் மல்லி வாங்குவார். அத்தைக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றும் தனித்தனியாக வாழையிலையில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் காலி டிபன் கேரியர் மேல் இருக்கும். என் கையில் நேராகக் கொடுத்ததே கிடையாது. அத்தையிடம் போகும், அத்தை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். எனக்கு வருகிற பொட்டலத்தில் மட்டும் பூ எப்போதும் நாலு விரற்கடை நீளமாக இருக்கும். ரொம்ப நாள் தற்செயல் என்றே நினைத்தேன். ஒருநாள் நானே ஸ்டேஷனுக்குப் போயிருந்தபோது அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது: “உங்க வீட்டுக்காரர் கடைசி முழத்தை மட்டும் கையை நீட்டி அளக்கச் சொல்வாரு.” சரி, மூன்றில் எது நீளமானது என்று அத்தைக்கு எப்படித் தெரிந்தது? பிரித்துப் பார்க்காமலே அதைத்தான் என்னிடம் நீட்டுவார். ஒருநாள்கூடத் தப்பியதில்லை.

இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், எங்கள் நெருக்கத்துக்கு அத்தை ஒரு காவல் மாதிரி இருந்திருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், “பல்லாவரத்துல சித்தியப் பாத்துட்டு வரோம். நீங்க ரெண்டு பேரும் வீட்டைப் பாத்துக்குங்க” என்று மாமா, நாத்தனார், கொழுந்தன் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். திருடு போக ஒன்றும் இல்லாத வீடு அது. திரும்பி வரும்போது நேரே வாசல்படி ஏற மாட்டார். பக்கவாட்டுச் சந்து வழியாகக் கிணற்றடிக்குப் போய், வாளியை ‘டங்’ என்று சிமெண்டுத் தரையில் போட்டு, நிதானமாகக் கால் கழுவுவார். அப்புறம்தான் பின்வாசலிலிருந்து “யாரும்மா உள்ளே?” என்று குரல் வரும். எல்லா மாமியாரும் இப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். மகன் மருமகளோடு சிரித்துப் பேசினாலே இருமிக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. ஆடி மாதம் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதற்குச் சித்திரையில் குழந்தை பிறந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். ஆவணி வந்தும் திருப்பி அழைக்காமல் மாதக்கணக்கில் இழுத்தடித்த மாமியார்களும் உண்டு. அந்தக் காலத்தில் ஒரு தம்பதியின் அந்நியோன்னியம் அவர்கள் கையில் இல்லை. வீட்டுப் பெரியவளின் மனசில் இருந்தது. எனக்கு வாய்த்தவர் நல்லவர்.

1985இல் எனக்குச் சைதாப்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அதற்கப்புறம்தான் எங்களுக்கு நிஜமான தனிமை கிடைத்தது, அதுவும் ரயிலால்.

பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே 11ஆம் தேதி. அந்த வண்டி வந்ததால்தான் பட்டணத்தில் வேலை, தாம்பரத்தில் வீடு என்ற வாழ்க்கையே சாத்தியமானது. எங்கள் காலத்திலும் மீட்டர் கேஜ் வண்டிதான். இவர் பீச்சிலிருந்து வருகிற வண்டியில் நான் சைதாப்பேட்டையில் ஏற வேண்டும். ஆனால் நான் ஏறுவது மகளிர் பெட்டி, இவர் இருப்பது பக்கத்துப் பொதுப்பெட்டி. எந்த வண்டி என்று எனக்குத் தெரிய, வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கையில் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையோடு நிற்பார். அதைப் பார்த்தால் ஏறுவேன். பார்க்காவிட்டால் அடுத்த வண்டி. அரை மணி நேரம் ஒரே ரயிலில் தனித்தனியாக வந்து, தாம்பரத்தில் இறங்கி, மேற்கே முடிச்சூர் சாலையில் சேர்ந்து நடப்போம். இருபது நிமிஷ நடை. நாங்கள் அதை முப்பத்தைந்து நிமிஷமாக்கினோம். தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்று எரியாத சாலை. ஒரு பக்கம் பனைமரம், மழை பெய்தால் இரு பக்கமும் தவளைச் சத்தம். எங்களுக்கென்று கிடைத்த அறை அந்தச் சாலைதான்.

அங்கே நாங்கள் பேசியது பெரிய காதல் பேச்சு ஒன்றும் இல்லை. “அங்க பாருங்களேன், கொக்கு” என்பேன். பார்ப்பார். “இந்த வீட்டுல புதுசா கேட் போட்டிருக்கான் பாரு” என்பார். பார்ப்பேன். பிற்காலத்தில் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஜான் காட்மனைப் பற்றிப் படித்தபோது அந்தக் கொக்குதான் நினைவுக்கு வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் 130 புதுமணத் தம்பதிகளை வீடு மாதிரி அமைத்த ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்துக் கவனித்திருக்கிறார். ஒருவர் ‘இதைப் பாரேன்’ என்று சின்னதாகக் கூப்பிடும்போது மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா, இல்லையா என்று எண்ணியிருக்கிறார்கள். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் 100க்கு 86 தடவை திரும்பிப் பார்த்தவர்கள். பிரிந்துபோனவர்கள் 33 தடவைதான். பெரிய சண்டை, பெரிய சமாதானம் எல்லாம் அப்புறம். கொக்கைப் பார்க்கச் சொன்னால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த இருட்டுச் சாலையிலும் என்னால் சொல்ல முடியாத விஷயங்கள் இருந்தன. எனக்கு வேண்டும் என்று நான் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. தலைவலி என்பேன், குழந்தை முழித்துக்கொள்ளும் என்பேன். அவருக்கும் கேட்கத் தெரியவில்லை. கெட்ட மனிதர் இல்லை, என்மேல் உயிரையே வைத்திருந்தவர்தான். கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லலாம் என்று எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ‘நாமிருவர் நமக்கிருவர்’ என்று சுவருக்குச் சுவர் எழுதிவைத்த அரசாங்கம் எத்தனை பிள்ளை என்பதைச் சொன்னது. நடுவில் இருக்கிற இருவர் ஒருவரையொருவர் எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதை எந்தச் சுவரும் சொல்லவில்லை.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நடிகை சரிதாவின் வழக்கு செய்தியானது. ‘தண்ணீர் தண்ணீர்’ படத்தில் நடித்த அதே சரிதா. இந்து திருமணச் சட்டம் 9ஆவது பிரிவின்படி, பிரிந்துபோன மனைவியைச் சேர்ந்து வாழும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அவர்மேல் கணவர் தொடுத்த வழக்கில் 1983இல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ.சவுத்ரி அந்தப் பிரிவே செல்லாது என்றார். தன் உடம்பு சம்பந்தப்பட்ட முடிவை ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்கி அரசாங்கத்திடம் கொடுப்பது அவளுடைய கண்ணியத்துக்கும் அந்தரங்கத்துக்கும் விரோதம் என்பது அவருடைய நிலை. மறு வருஷமே வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. இன்றும் அது சட்டத்தில் இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும், 18 வயதான மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் அது வன்புணர்வுக் குற்றம் ஆகாது என்ற விதிவிலக்கு அப்படியே தொடர்கிறது. நெருக்கத்தைப் பற்றி எழுதும்போது சட்டம் எதற்கு என்று கேட்கலாம். ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாத ஒருத்தியின் ‘சரி’க்கு என்ன மதிப்பு? எனக்கு இது புரிய இருபது வருஷம் ஆனது.

1986இல் ‘மௌன ராகம்’ வந்தது. விருப்பமில்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த பெண்ணிடம் கணவன் அவசரப்படாமல் காத்திருக்கிற கதை. மகளிர் பெட்டியில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. “இப்படி ஒரு ஆம்பளை எங்க இருக்கான்?” என்றாள் ஒருத்தி. குரோம்பேட்டையில் இறங்குகிற வயதான அம்மா ஒருவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “அவன் கேக்கறான்ல, அதான் எல்லாருக்கும் புடிச்சிருக்கு” என்றார். பெட்டியே கொஞ்ச நேரம் பேசவில்லை.

சொல்லித்தர யாருமே இல்லை என்றேன். ஒருவர் முயன்றார், அவர் ஊர் எங்களுக்குப் பக்கத்திலேயே. தாம்பரத்தைத் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், அதற்கடுத்து கூடுவாஞ்சேரி. அங்கே நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. தறியில் உட்கார்ந்தவர், தொழில் நடத்தியவர், குடும்பஸ்தர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். மனைவி லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ ‘மனைவி நல வேட்பு நாள்’ என்று கொண்டாடச் சொன்னார். அன்றைக்கு அவருடைய அமைப்பின் மன்றங்களில் தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைக்கிறார்கள். கணவன் மனைவிக்குப் பூ கொடுக்கிறார். மனைவி கணவனுக்குப் பழம் கொடுக்கிறார். கண்ணோடு கண் பார்த்து ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்த வேண்டும். அவருக்கு இரண்டு மனைவியர் என்பது எனக்கு நெருடலாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனாலும் சாப்பாட்டுப் பைக்குள் ஒளிந்துவந்த பூவை ஊர் பார்க்கக் கையில் கொடுக்கச் சொன்னாரே, அந்த ஒன்றுக்காக அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

2009இல் பக்கத்து வீட்டுக்காரர்கள் வற்புறுத்தி எங்களை அந்த விழாவுக்கு அழைத்துப் போனார்கள். ஐம்பது அறுபது ஜோடிகள் இருக்கும். எனக்கு முன்வரிசையில் அறுபதைத் தாண்டிய ஒருவர் பூவைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியின் முகத்துக்குப் போக முடியாமல் தாலிச் சரட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்க அழுதார். அந்த அம்மா முந்தானையால் துடைத்துவிட்டார்.

என் முறை வந்தது. இவர் கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தால், இடது புருவத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், “இது எப்போ ஆச்சு?”

“84ல, ரயில் கதவுல இடிச்சுது. நீதான் மஞ்சள் வெச்சு ராத்திரி முழுக்க விசிறினே” என்றார்.

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. இவர் 25 வருஷமாக அதை வைத்திருந்தார். சொன்னதே இல்லை.

அன்றைக்கு ராத்திரிதான் நாங்கள் பேச ஆரம்பித்தோம் என்று சொல்ல வேண்டும். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. எது பிடிக்கும், எது பிடிக்காது, எப்போது மனசு வலித்தது, எப்போது நான் தலைவலி என்று பொய் சொன்னேன், எல்லாம். “சொல்லியிருக்கலாமே” என்றார். “கேட்டிருக்கலாமே” என்றேன். பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு கிறிஸ்தவத் தம்பதி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் கபிரியேல் கால்வோ 1962இல் பார்சலோனாவில் 28 தம்பதிகளைக் கூட்டித் தொடங்கிய தம்பதியர் சந்திப்பு இயக்கத்திலிருந்து கற்றுக்கொண்டது. தினமும் பத்து நிமிஷம் இருவரும் ஒரே கேள்விக்குத் தனித்தனி நோட்டில் பதில் எழுத வேண்டும். நோட்டை மாற்றிப் படித்துவிட்டுப் பத்து நிமிஷம் பேச வேண்டும். நாங்கள் நாற்பது பக்க நோட்டு இரண்டு வாங்கி மூன்று வாரம் எழுதினோம். அதற்கப்புறம் எழுதத் தேவைப்படவில்லை.

2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைவரை பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 செண்டிமீட்டர். முடிச்சூர் பக்கம் தண்ணீர் எப்படி வந்தது என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டால் இன்றும் குரல் மாறும். அன்று ராத்திரி எங்கள் கூடத்தில் முழங்காலுக்கு வந்து, கட்டிலைத் தொட்டு, சுவிட்ச் பெட்டியை நோக்கி ஏறியது. நான் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுக்கிறேன், பாஸ் புத்தகத்தை எடுக்கிறேன். இவர் இருட்டில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால், சட்டைக்குள் செருகிக் கொண்டுவந்திருந்தது ஒரு பிளாஸ்டிக் பை. அதில் என் தைராய்டு மாத்திரை, பிரஷர் மாத்திரை, என் மூக்குக்கண்ணாடி. தன்னுடைய சர்க்கரை மாத்திரையைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

என் மகனுக்குக் கல்யாணம் ஆனது அதற்கு முந்தைய வருஷம். காதல் கல்யாணம். மருமகள் அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். வா, போ என்பாள். எனக்கு முதலில் காது கூசியது. ஆறே மாதத்தில் பழகிவிட்டது. அந்த ‘வா போ’வில் என் ‘ஏங்க’வில் இல்லாத ஒன்று இருக்கிறது: கோபத்தைக் கோபமாகவே சொல்கிற தைரியம். திருக்குறளின் கடைசி அதிகாரம் ஊடலுவகை. ஊடலில் இருக்கிற இன்பத்தோடுதான் வள்ளுவர் நூலையே முடிக்கிறார். எங்கள் கூட்டுக் குடும்பத்தில் ஊடுவதற்கு ஏது இடம்? டம்ளரை ‘ணங்’ என்று வைப்பதுதான் நான் போட்ட அதிகபட்சச் சண்டை. இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கச் சண்டை போடுகிறார்கள், உரக்கச் சமாதானமும் ஆகிறார்கள்.

இவர்கள் வீடு பெருங்களத்தூரில் 1100 சதுர அடி அடுக்ககம். இரண்டு படுக்கையறை, இரண்டிலும் சேர்ந்த குளியலறை, சத்தம் போடாத தாழ்ப்பாள். எங்களுக்கு இல்லாதது எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு இருந்த அந்த முப்பத்தைந்து நிமிஷம் இல்லை. 2000இல் டைடல் பார்க் திறந்ததிலிருந்து தெற்குப் புறநகரின் வேலை ரயில் பாதையை விட்டு பழைய மாமல்லபுரம் சாலைக்கு நகர்ந்துவிட்டது. மருமகளுக்கு வேலை பெருங்குடியில், மகனுக்குச் சிறுசேரியில். இவள் காலையில் எட்டுக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வருவாள். அவனுக்கு அமெரிக்க நேரம். மத்தியானம் இரண்டுக்குப் போனால் ராத்திரி இரண்டுக்குக் கம்பெனி கார் கொண்டுவந்து விடும். ஒரே கட்டிலில் ஆள் மாற்றி ஆள் தூங்கினார்கள். 2004இல் எங்கள் பாதையில் கடைசி மீட்டர் கேஜ் வண்டி ஓய்ந்தபோது நான் கண்கலங்கியதைப் பார்த்துச் சிரித்தவன், ஒருநாள், “நீங்களாவது ஒரே வண்டியில வந்தீங்கம்மா” என்றான்.

நாலு வருஷம் குழந்தை இல்லை. அது அவர்களை உலுக்கிவிட்டது. 1990இல் டாக்டர் கமலா செல்வராஜ் சென்னையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்தபோது பத்திரிகையில் படித்து அதிசயப்பட்டோம். இன்று ஜிஎஸ்டி சாலையில் குழந்தையின்மை சிகிச்சைப் பலகை கண்ணில் படாமல் போக முடியாது. மாதவிலக்குச் சுழற்சியின் பன்னிரண்டாம் நாள் ஸ்கேன். கருமுட்டை வளர்ந்திருக்கிறது என்றால், ‘இன்னிக்கும் நாளைக்கும்’ என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். எனக்குச் சுரீரென்றது. என் சாந்தி முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நேரம் குறித்தார்கள். என் வெட்கத்தையோ பயத்தையோ யாரும் கேட்கவில்லை. இத்தனை மாறியும் இவளுக்கும் யாரோ நாள் குறிக்கிறார்கள். “அத்தை, எங்களுக்கு அது ஹோம்வொர்க் மாதிரி ஆயிடுச்சு. அவன் என்னைத் தொட வந்தாலே தேதி என்னன்னு யோசிக்கிறேன்” என்று ஒருநாள் சமையலறையில் சொல்லிவிட்டு அழுதாள். மாமியாரிடம் இதைச் சொல்ல முடிகிறதே என்று எனக்குப் பெருமையும் வேதனையுமாக இருந்தது.

அவர்களே ஓர் ஆலோசகரிடம் போனார்கள். அந்த அம்மா சொன்னது, மூன்று மாதம் நாள் பார்க்கக் கூடாது, சிகிச்சையும் வேண்டாம், குழந்தைப் பேச்சே வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் சும்மா பக்கத்தில் இருங்கள், தொடுங்கள், ஆனால் அது எங்கேயும் போய் முடிய வேண்டியதில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் பைக்கில் மாடம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவார்கள். ராத்திரி அவள் காலைப் பிடித்துவிடுவானாம். ஏதோ மந்திரம் போலக் குழந்தை வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். மறுபடி சிகிச்சைக்குப் போய், ஊசி போட்டு, இரண்டு தடவை தோற்று, 2019இல் பேத்தி பிறந்தாள். ஆனால் மறுபடி போனபோது இரண்டு பேராகப் போனார்கள். முதல் தடவை அவள் மட்டும்தான் நோயாளி.

பேத்தி பிறந்ததும் நாங்களும் அந்த அடுக்ககத்துக்கே வந்துவிட்டோம். மறு வருஷம் ஊரடங்கு. அவன் படுக்கையறையில் ஒரு மீட்டிங்கில், இவள் கூடத்தில் ஒரு மீட்டிங்கில். ஒருநாள் மத்தியானம் அவளுடைய போன் ‘டிங்’ என்றது. பார்த்துவிட்டு, காபி கலந்து, கேமராவில் படாமல் சுவரோடு ஒட்டிப்போய் அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். பத்து நிமிஷத்தில் மறுபடி ‘டிங்.’ “இன்னொரு காபி கேக்கறான், இவனுக்கு என்ன ஆச்சு?” என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். முதல் காபி பாதி அப்படியே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அத்தையின் இரண்டாவது டம்ளர் கதையைச் சொன்னேன். கேட்டவள் எதுவும் பேசாமல் காபி கலக்காமலே எழுந்து அறைக்குள் போனாள். அவன் மைக்கை அணைக்கிற சத்தம் கேட்டது.

இப்போது பேத்திக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. வீடு நிறைய ஆள். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது மருமகள் வந்து நின்றாள். “அத்தை, நாளைக்கு மத்தியானம் பாப்பாவைக் கூட்டிட்டு நீங்களும் மாமாவும் எங்கயாவது போய்ட்டு வரீங்களா? நாங்க ரெண்டு பேரும் சும்மா வீட்டுல இருக்கணும்.”

சுற்றி வளைக்கவில்லை. பல்லாவரத்துச் சித்தி இல்லை, வீட்டைப் பார்த்துக்கொள்கிற சாக்கு இல்லை. கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். காது நுனி மட்டும் சிவந்திருந்தது. எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. நாற்பது வருஷம் முன்னால் என் அத்தையிடம் இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

மறுநாள் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். வெள்ளைப் புலி தூங்கிக்கொண்டிருந்தது. பேத்தி நீர்யானையை விட்டு நகர மாட்டேன் என்றாள். இவர் என்னிடம், “அங்க பாரு, கொக்கு” என்றார். பார்த்தேன். ஐந்து மணிக்குக் கிளம்பி, பெருங்களத்தூரில் இறங்கி, பூ வாங்கினோம். மருமகளுக்கு ஒரு முழம், எனக்கு ஒரு முழம். இவர் அதை அங்கேயே, ரோட்டில் நின்று, என் தலையில் வைத்துவிட்டார். பேத்தி கை தட்டினாள்.

மூன்றாவது மாடி. சாவி என் கைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. அழைப்பு மணியை அழுத்திவிட்டு, பேத்தியின் செருப்பு வாரை நிதானமாக அவிழ்க்க ஆரம்பித்தேன்.